ஒரு வில்லுக்கத்தியின் ஊரும் பேரும்

மனிதருக்கு ஊரும் பேரும் இருப்பது போலப் பொருள்களுக்கும் உண்டு. மனிதன் கேட்டவுடன் தன் ஊரைச் சொல்லிவிடுவான். பொருளோ, கேட்கத் தெரிந்தவன் கேட்டால் மாத்திரமே சொல்லும். கேட்பார் இல்லாவிடின் மேசை இலாச்சியின் மூலையிலே ஊமையாய்க் கிடந்து துருவேறிப் போகும். இந்த வாரம் வாசக நேயர்களுக்கு நான் சொல்ல எடுத்துக்கொண்டது அத்தகைய ஓர் ஊமைப் பொருளைப் பேச வைத்த கதையாகும்.

பாமன்கடையில் எங்கள் ஒழுங்கைக்கு எதிரேயுள்ள தொடர்மாடி வீடொன்றில் ஒரு பெரியவர் வசிக்கிறார். எழுபத்தெட்டு வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் இலிகிதராயிருந்து இளைப்பாறியவர். மாலை வேளைகளில் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை வரை நடந்து போய்த் திரும்புவது அவர் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் நடைக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய லேஞ்சியை எடுத்து மேசைமீது வைத்து மெல்ல விரித்தார். உள்ளே, கரியும் துருவும் படிந்த சிறிய மடக்குக் கத்தி ஒன்று கிடந்தது. பிடியின் இருபுறமும் இருக்கவேண்டிய கைப்பிடித் தகடுகள் இல்லை. கறுத்த பித்தளையும் இரும்பும் எலும்புக்கூடு போல எஞ்சியிருந்தன.

“மாஸ்டர், உதுக்கு ஒரு சாதகம் எழுதித் தரவேணும்” என்றார்.

“கத்திக்குச் சாதகமோ, ஐயா?”

“ஓம். எங்கை பிறந்தது, எப்ப பிறந்தது எண்டு தெரியவேணும். ஆற்றை கத்தி எண்டும் தெரியவேணும்.”

முதல் இரண்டு கேள்விகளும் எனக்கு விளங்கின. மூன்றாவது விளங்கவில்லை. அவரே சொன்னார்.

அவருடைய தந்தையார் ஒரு வில்லுக்கத்தி வைத்திருந்தாராம். பென்சில் சீவுவது முதல் மாம்பழம் அரிவது வரை எல்லாவற்றுக்கும் அதுதானாம். அவர் 1979ஆம் ஆண்டில் காலமானபின் அந்தக் கத்தி தாயாரின் அலுமாரியிலே பத்திரமாயிருந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆந் திகதி வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்ட போது அவர்கள் வாடகைக்கிருந்த வீடும் எரிந்தது. அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்றின் வீட்டில் ஒளிந்திருந்து உயிர் தப்பினார்கள். சில கிழமைகளின் பின் வந்து பார்த்தபோது மேல்மாடி முழுவதும் இடிந்து கீழே விழுந்து கிடந்தது. சாம்பலைக் கிளறிக்கொண்டு போகையில் இந்தக் கத்தி காலில் தட்டுப்பட்டது. அந்த வீட்டிலிருந்து அவர் எடுத்து வந்த பொருள் இஃது ஒன்றே.

“நாற்பது வருஷத்துக்கு மேலை அப்பான்ரை கத்தியெண்டு வைச்சிருக்கிறன். போன மாசம் கனடாவிலையிருந்து தம்பி கதைக்கேக்கை ஒரு சொல்லுச் சொன்னான். ‘மேல்வீட்டுக்காரரிட்டையும் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. மாடியே இடிஞ்சு விழுந்த இடத்திலை எடுத்தது அவற்றையாயும் இருக்கலாமெல்லோ அண்ணை?’ எண்டு கேட்டான். அண்டையிலிருந்து நித்திரை இல்லை, மாஸ்டர்.”

பேரன் அடுத்த மாதம் படிப்பதற்காக வெளிநாடு போகிறான். கொள்ளுத்தாத்தாவின் கத்தி என்று சொல்லி அதை அவன் கையில் கொடுப்பது பெரியவருடைய எண்ணம். “பொய்யைக் கட்டிக் குடுக்க மனமில்லை” என்றார். பிறருடைய பொருளாயின் அதற்கேற்றபடி வைத்திருக்க வேண்டும் என்பதும் அவருடைய நியாயமாயிருந்தது. மேல்வீட்டார் எந்தத் தேசம் போனார்கள் என்று அவருக்குத் தெரியாது.

நான் கத்தி வினைஞனல்லேன். வகுப்பறையில் சுண்ணக்கட்டி பிடிப்பவன். எனினும் பழம்பொருள்களைப் பார்ப்பதில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. கத்தியை என்னிடம் விட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன்.

இங்கே கத்தியின் உறுப்புக்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் இதனை வில்லுக்கத்தி என்று வழங்குவது மிகப் பொருத்தமான பெயர். ஏனெனில் இக்கத்தியின் உயிர் அதன் முதுகிலுள்ள உருக்கு வில்லிலேயே இருக்கிறது. அலகின் அடி சதுரமாகத் தடித்திருக்கும். அலகைத் திறக்கும்போது அந்தச் சதுரத்தின் மூலை வில்லை மேலே தள்ளும். முழுதும் திறந்ததும் வில் ‘டக்’கென்று தன் இடத்தில் வந்து விழுந்து அலகை நிறுத்திவிடும். மூடும்போதும் அப்படியே. இருபுறமும் மெல்லிய பித்தளைத் தகடுகள், அவற்றின்மேல் கொம்பு, தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றில் ஒன்றாலான கைப்பிடித் தகடுகள், அவற்றை ஊடுருவும் சிறு ஆணிகள் — இவ்வளவே. ‘பேனாக்கத்தி’ என்று இன்னொரு பெயரும் உண்டு. பறவை இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில் அதற்கென ஒரு சிறிய அலகு வேண்டியிருந்தது. இறகுப் பேனா போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

பெரியவர் கொண்டுவந்த கத்திக்கு இரண்டு அலகுகள். பெரியது திறக்கும். சின்னதோ தீப்பட்ட நாள் முதல் துருவால் இறுகித் திறக்க முடியாததாய் இருந்தது.

பழைய இரும்பைக் கண்டவுடன் தேசிக்காய்ப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். அதைப்போலக் கெடுதி வேறில்லை. துருவோடு எழுத்தும் போய்விடும். நான் மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியைச் சுற்றி அதை மூன்று நாள் வைத்தேன். பின்னர் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, அலகின் அடியிலுள்ள சதுரப் பகுதியிலே சிறிது சுண்ணக்கட்டித் தூளைத் தடவித் துடைத்தேன். பள்ளமான எழுத்துக்களில் வெண்தூள் தங்கிற்று. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினேன்.

மேலே ஒரு கிரீடம். அதன் இடப்புறத்தில் ஆங்கில ‘ஜீ’, வலப்புறத்தில் ‘ஆர்’. அவற்றின் கீழ் ‘ஜோசப் றொஜர்ஸ் அன்ட் சன்ஸ்’ என்ற பெயர். அதற்கும் கீழே ‘மாட்சிமை தங்கிய மன்னரின் கத்தி வினைஞர்’ எனப் பொருள்படும் ஆங்கில வரி. இறுதியில் ‘ஷெபீல்ட், இங்கிலாந்து’. அலகைத் திருப்பினால் மறுபுறத்தில் ஒரு நட்சத்திரமும் மோல்டாச் சிலுவையும்.

ஊர் தெரிந்துவிட்டது. வட இங்கிலாந்திலுள்ள ஷெபீல்ட் நகரம் கத்திக்குப் பெயர்போனது. பதினான்காம் நூற்றாண்டிலேயே சோசர் என்னும் ஆங்கிலக் கவிஞர் தம் கதாபாத்திரம் ஒன்றின் காலுறையில் ஷெபீல்ட் கத்தியைச் செருகி வைத்திருக்கிறார். 1624ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அங்கே கத்தி வினைஞர் சங்கம் நிறுவப்பட்டது. ஒவ்வொரு வினைஞனும் தனக்கென ஒரு குறியைப் பெற்று அதையே தன் கத்தியில் பொறிக்கவேண்டும். இன்னொருவன் குறியைக் கையாளுதல் குற்றம். நட்சத்திரமும் மோல்டாச் சிலுவையும் றொஜர்ஸ் குடும்பத்தாரின் குறி. 1822ஆம் ஆண்டில் 1822 அலகுகள் கொண்ட ஒரே மடக்குக் கத்தியைச் செய்து உலகை வியக்கவைத்தவர்களும் இவர்களே.

அடுத்தது காலம். இங்கே மாணவர்கள் சற்றுக் கவனித்தல் நன்று. ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு முடிவு கட்டினால் வழுக்கி விழுவோம். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒன்றையொன்று தாங்கும்போதே முடிவு நிலைபெறும்.

கிரீடத்தின் இருபுறமுமுள்ள எழுத்துக்கள் ஆட்சியிலிருந்தவரின் பெயரைக் குறிப்பன. ‘ஆர்’ என்பது இலத்தீன் மொழியில் அரசனுக்கும் அரசிக்கும் பொதுவான முதலெழுத்து. விக்டோரியா இராணியின் காலமாயின் (1837–1901) முன்னெழுத்து ‘வீ’யாக இருந்திருக்கும். ஏழாம் எட்வேர்ட் காலமாயின் (1901–1910) ‘ஈ’யாக இருந்திருக்கும். நம் கத்தியில் இருப்பது ‘ஜீ’. எனவே ஜோர்ஜ் மன்னர். ‘மன்னரின்’ என்ற ஆண்பாற் சொல்லும் இதற்குச் சாட்சி. ஆனால் எந்த ஜோர்ஜ்? றொஜர்ஸ் நிறுவனத்தார் அரச ஆதரவை முதன்முதல் பெற்றதே 1820 முதல் 1830 வரை ஆண்ட நான்காம் ஜோர்ஜ் காலத்தில் அல்லவா? ஐந்தாம் ஜோர்ஜ் 1910 முதல் 1936 வரையும், ஆறாம் ஜோர்ஜ் 1936 முதல் 1952 வரையும் ஆண்டனர். நூறாண்டுக்கு மேற்பட்ட வேறுபாடு!

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது ‘இங்கிலாந்து’ என்ற ஒரு சொல். 1890ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மக்கின்லி என்பவரின் பெயரால் வழங்கும் சுங்கச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி 1891 முதல் அந்நாட்டில் இறக்குமதியாகும் பொருள்களிலே செய்த நாட்டின் பெயர் பொறித்திருத்தல் வேண்டும். ஷெபீல்ட் கத்திகளுக்கு அமெரிக்கா பெருஞ் சந்தையாயிருந்ததால் அக்காலம் முதல் நாட்டுப் பெயரைப் பொறிப்பது பொது வழக்காயிற்று. ஆகவே நம் கத்தி நான்காம் ஜோர்ஜுக்கு உரியதன்று. அது 1910க்குப் பிந்தியது, 1952க்கு முந்தியது.

துரு ஏறுகிறதே, அப்படியாயின் துருவேறா உருக்கைக் கண்டுபிடிக்குமுன் செய்ததன்றோ என்று ஒருவர் கேட்கலாம். ஹரி பிரேர்லி என்பார் அதே ஷெபீல்ட் நகரிலே துருவேறா உருக்கை வார்த்தது 1913ஆம் ஆண்டில்தான். ஆனால் அதன்பின்பும் மடக்குக் கத்திகளைப் பழைய உருக்கிலே செய்வது நெடுங்காலம் நிற்கவில்லை. துரு இருப்பதால் பழையது என்பது நல்ல வாதமன்று.

போலியோ என்ற ஐயமும் எழும். ஷெபீல்ட் பெயரையும் குறியையும் பிறநாட்டார் திருடுகிறார்கள் என்று அந்நகரத்தார் எழுப்பிய கூக்குரலும், 1887ஆம் ஆண்டில் பிரித்தானியா வணிகக் குறிச் சட்டம் செய்ததற்கு ஒரு காரணமாகும். இந்தியாவிலும் றொஜர்ஸ் பெயரை ஓரெழுத்துக் கூட்டியும் குறைத்தும் பொறித்த கத்திகள் பல உலாவின. நம் கத்தியில் எழுத்துப் பிழை இல்லை. எழுத்துக்கள் ஒழுங்காகவும் கூர்மையாகவும் பதிந்துள்ளன. குறி சரியான இடத்தில் இருக்கிறது. உண்மைக் கத்தி என்றே கொண்டேன்.

இலங்கையில் றொஜர்ஸ் கத்திக்கு இருந்த மதிப்பை இக்காலத்தார் அறியார். சிங்கள மொழியில் ‘றொஜர்ஸ்’ என்னும் பெயரே மிகத் தரமானது என்ற பொருளில் வழங்கிற்று என்று ஷெபீல்ட் தொழில் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். ஒரு கத்திக்காரனின் பெயர் கடல் கடந்து வந்து உரிச்சொல்லாக மாறியது அவனுக்குக் கிடைத்த பெரும் பட்டமன்றோ?

நாலாம் நாள் பெரியவர் வந்தார். கண்டவற்றைச் சொன்னேன். அவர் முகம் சற்று வாடிற்று.

“அப்பா சொல்லுறவர், உது இராணி காலத்துக் கத்தி, அவற்றை தகப்பனுக்குத் தோட்டத்துத் துரை ஒருத்தர் குடுத்தது எண்டு. அப்ப அது பொய்யோ?”

“பொய் என்று சொல்ல முடியாது, ஐயா. இந்தக் கத்தி இராணி காலத்ததன்று, அவ்வளவே. பாட்டனாரிடம் வேறொரு கத்தி இருந்து அது தொலைந்தபின், அதன் கதை இதன்மேல் வந்து ஏறியிருக்கலாம். கத்தி தொலையும், கதை தொலையாது. தங்குவதற்கு இன்னொரு கத்தியைத் தேடிக்கொள்ளும்.”

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, இராணி காலத்துக் கதை பொருந்தாவிடில் இது மேல்வீட்டுக்காரருடையதே என்றாகிவிடுமோ என்று கேட்டார். ஆகாது என்றேன். 1910க்கும் 1952க்கும் இடையில் எவரும் கடையில் வாங்கியிருக்கக்கூடிய கத்தி இது. அவருடைய தந்தையார் 1915ஆம் ஆண்டளவில் பிறந்தவர். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் தம் சம்பளத்தில் வாங்கியிருக்கலாம். மேல்வீட்டாரும் வாங்கியிருக்கலாம். பொறித்த எழுத்து ஊரையும் காலத்தையும் சொல்லும். யாருடைய பையில் கிடந்தது என்று சொல்லாது.

கைப்பிடி எதனாலானது என்று பார்த்தால் பயன் உண்டோ என்றும் ஆராய்ந்தோம். உலோக முனையின் கீழே, ஓர் ஆணியைச் சுற்றி வெண்ணிறமான துகள் ஒன்று ஒட்டியிருந்தது. செலுலொயிட் என்னும் செயற்கைப் பொருளாயின் தீப்பட்டவுடன் குபீரென்று எரிந்து ஒன்றும் எஞ்சாது. எலும்பும் தந்தமும் மான் கொம்பும் எரிந்தால் வெண்சாம்பலாகி ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே இம்மூன்றில் ஒன்று. தந்தையாரின் கத்திப் பிடி கபில நிறமான மரைக்கொம்பு என்பது பெரியவரின் ஞாபகம். இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக மரைக்கொம்பு ஷெபீல்டுக்குப் போய்க் கத்திப் பிடியாகித் திரும்பிய காலம் அது. மேல்வீட்டாரின் கத்திப் பிடி வெள்ளை என்கிறார். ஆனால் வெந்தபின் எல்லாம் வெள்ளையே. இந்தச் சாட்சி இருபக்கமும் பேசிற்று. நீதிமன்றமாயின் தள்ளிவிடுவார்கள், நானும் தள்ளினேன்.

“இன்னுமொண்டு, மாஸ்டர். எத்தினை தரம் சாணை பிடிச்சாலும் இரண்டு நாளிலை கூர் மழுங்கிப் போகுது. றொஜர்ஸ் கத்தியெண்டால் இப்பிடியிருக்குமோ?”

இதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சொல்லத் தயங்கினேன். உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் அது கண்ணாடிபோல் வன்மை பெறும். கண்ணாடிபோல் நொறுங்கியும் போகும். ஆகையால் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவர். ஏறக்குறைய 230 பாகை செல்சியசில் உருக்கின் மேனி வைக்கோல் நிறமாகும். அது அலகுக்குரிய பதம். 300 பாகையளவில் நீலமாகும்; அது வில்லுக்குரிய பதம். அதற்குமேல் சூடேறி ஆறுதலாகக் குளிர்ந்தால் பதம் முழுவதும் போய் இரும்பு மெதுமையாகிவிடும். வீடு எரியும் தீ இவ்வெல்லைகளை எளிதில் கடக்கும். பித்தளைத் தகடு உருகவில்லையாதலால் சூடு 900 பாகையை எட்டவில்லை. ஆனால் உருக்கின் பதத்தைக் கொல்ல அதில் பாதி வெப்பமே அதிகம். வில்லும் அவ்வாறே சோர்ந்துவிட்டது. திறக்கும்போது அந்த ‘டக்’ என்ற ஒலி வராதது அதனாலேயே.

“குறை ஷெபீல்டில் இல்லை, ஐயா. குறை வெள்ளவத்தையில்” என்றேன். சொன்னபின், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றிற்று. அவர் கத்தியை எடுத்து, வில்லை விரலால் தடவியபடி, “அப்பா வீட்டிலை நிக்கிறாரோ எண்டு அந்தச் சத்தத்திலைதான் எங்களுக்குத் தெரியும்” என்றார்.

சற்றுப் பொறுத்து, “என்ன இருந்தாலும் உருக்கு வித்தை வெள்ளைக்காரன்ரை வித்தை” என்று பேச்சை மாற்றினார். அஃது அவ்வளவு சரியன்று. தென்னிந்தியாவில் மண் மூசையிலிட்டு வார்த்த உருக்கு பழங்காலத்திலேயே பிறநாடுகளில் பேர் பெற்றது. ‘உருக்கு’ என்னும் சொல்லோடு உறவுடைய கன்னட ‘உக்கு’வே ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ ஆயிற்று என்பர். 1790களில் பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட வூட்ஸ் கட்டிகளை அங்குள்ள அறிஞர்கள் ஆராய்ந்தனர். பின்னர் கொல்லன் மகனான மைக்கல் பரடே, ஸ்டோடார்ட் என்னும் கத்தி வினைஞரோடு சேர்ந்து அதன் இரகசியத்தைத் தேடிப் பல சோதனைகள் செய்தார். நம் நாட்டிலும், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியிலே தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்த இரும்புலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இயங்கியவை. கில் ஜூலெவ் என்னும் அம்மையார் 1996ஆம் ஆண்டில் அவ்வாய்வை வெளியிட்டபோது உலகம் வியந்தது. இரும்பறிவுக்குப் பல தாய்நாடுகள் உண்டு.

நிற்க. எஞ்சியது சின்ன அலகு. அதை மேலும் ஒரு வாரம் எண்ணெயில் ஊறவைத்தோம். அடுத்த ஞாயிறன்று பெரியவரும் அவர் பேரனும் அருகிலிருக்க, ஒரு மூங்கிற் சிம்பால் அலகை மெல்ல நெம்பினேன். நாற்பதாண்டுக்கு மேலாக மூடிக்கிடந்த அலகு சிறிது சிறிதாக வெளிவந்தது. துருத்தூள் மேசையில் சிந்திற்று.

அலகின் நுனி இல்லை. ஓர் அரிசி நீளத்துக்கு முறிந்து போயிருந்தது. முறிந்த இடம் அப்படியே விடப்படாமல், சாணைக்கல்லில் சரிவாகத் தேய்க்கப்பட்டு ஒழுங்காக்கப்பட்டிருந்தது. உருப்பெருக்குக் கண்ணாடியில் கல்லின் கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன. தீயில் விழுந்து முறிந்ததாயின் தேய்த்தவர் யார்? தீப்பட்டபின் அந்த அலகை எவரும் திறக்கவில்லை. எனவே முறிந்ததும் செப்பனிட்டதும் 1983க்கு முன்.

பெரியவருக்கு இது ஒன்றும் ஞாபகமில்லை. பேரன் கைத்தொலைபேசியை எடுத்து, “சின்னத்தாத்தாவுக்குப் படம் எடுத்து அனுப்பவோ?” என்று கேட்டான். நான் தடுத்தேன்.

“படம் அனுப்பாதே. ஒன்றும் சொல்லவும் வேண்டாம். அப்பாவின் கத்தியில் சின்ன அலகைப் பற்றி ஏதும் ஞாபகமுண்டோ என்று மாத்திரம் கேள். முறிந்ததைக் காட்டிவிட்டுக் கேட்டால், மனம் தானே ஒரு ஞாபகத்தைச் செய்து கொடுத்துவிடும்.”

கனடாவில் அப்போது விடியற்காலை. நலம் விசாரித்தபின் பெரியவர் கேட்டார்: “தம்பி, அப்பான்ரை கத்தியிலை சின்ன அலகு ஒண்டு இருந்ததெல்லே. அதைப் பற்றி ஏதும் ஞாபகமிருக்கோ?”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சிரிப்பது போன்ற குரல் கேட்டது.

“அண்ணை, உனக்கு இப்ப ஆர் சொன்னது? ரின்பால் பேணியைத் திறக்கப் போய் நுனியை முறிச்சது நான்தான். எனக்குப் பத்து வயசு இருக்கும். அடி விழப்போகுது எண்டு நடுங்கிக்கொண்டு நிண்டனான். அப்பா ஒரு சொல்லும் பேசேல்லை. கிணத்தடிக்குக் கொண்டுபோய்ச் சாணைக்கல்லிலை தேய்ச்சு மடக்கி வைச்சிட்டு, ‘கொண்ணைக்குச் சொல்லாதை, உன்னைப் பகிடி பண்ணுவான்’ எண்டவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

பெரியவர் பதில் சொல்லவில்லை. தொலைபேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, கத்தியை எடுத்து அந்த முறிந்த நுனியைப் பெருவிரலால் தொட்டுக்கொண்டிருந்தார். பேரன்தான் அங்கே நடந்ததைச் சின்னத்தாத்தாவுக்கு விளக்கிச் சொன்னான்.

இரண்டு வீட்டுக் கத்திகளிலும் சின்ன அலகின் நுனியே முறிந்து, இரண்டும் ஒரே விதமாகத் தேய்க்கப்பட்டிருக்கலாம் என்று வாதிடுவாரும் இருக்கக்கூடும். அத்தகைய தற்செயல் உலகில் இல்லாததன்று. ஆனால் கண்ணால் காணாத ஒருவர், கேளாமலே சொன்ன சாட்சியமும் உருக்கிலுள்ள தழும்பும் ஒத்திருக்கும்போது, நான் அதைத் தந்தையாரின் கத்தி என்றே எழுதிக் கொடுப்பேன். எழுதியும் கொடுத்தேன்.

ஒரு தாளில் மூன்று பகுதியாக எழுதினேன். கத்தி தானே சொன்னது: ஷெபீல்ட், றொஜர்ஸ், 1910க்கும் 1952க்கும் இடையில், தீப்பட்டது. மனிதர் சொன்னது: ரின்பால் பேணி, சாணைக்கல், 1983. குடும்பக் கதை: இராணி காலமும் தோட்டத்துத் துரையும், கத்தியோடு பொருந்தாதெனினும் மறக்கற்பாலதன்று. பேரன் அத்தாளைக் கத்தியோடு லேஞ்சியில் சுற்றிக்கொண்டான். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறித்துக்கொள்வார்கள். பெட்டிக்குள் வைத்து அனுப்பு என்று அவனுக்குச் சொன்னேன். மீண்டும் காய்ச்சிப் பதமேற்றலாமோ என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றார் பெரியவர். “வெட்டுறதுக்கு வேறை கத்தி வாங்கலாம்.”

வாசகர்களுடைய வீடுகளிலும் இத்தகைய கத்திகள் இருக்கக்கூடும். இரட்டை மனித உருவம் பொறித்திருந்தால் அது ஜேர்மனியின் சொலிங்கன் நகரத்து ஹென்கெல்ஸ் நிறுவனத்தின் குறி. 1731ஆம் ஆண்டு தொட்டு வழங்குவது. ‘மேற்கு ஜேர்மனி’ என்றிருப்பின் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. சிவந்த பிடியில் வெள்ளைச் சிலுவையாயின் சுவிற்சர்லாந்து. கார்ல் எல்செனர் 1897ஆம் ஆண்டில் பதிவு செய்த கத்தியின் வழிவந்தது. ஐ, எக்ஸ், எல் என்ற மூன்றெழுத்தாயின் ஷெபீல்ட் வொஸ்டன்ஹோம். சேர்த்து வாசித்தால் ‘நான் மேம்பட்டவன்’ என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும். 1971ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை அதன் பழைய போட்டியாளரான றொஜர்ஸே வாங்கிக்கொண்டது.

ஆனால் எழுத்தைப் பார்ப்பதற்கு முன் இன்னொன்று செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொருளைக் காட்டாமல், அதைப்பற்றி என்ன ஞாபகம் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஷெபீல்டின் முத்திரை இன்னும் நூறாண்டு இருக்கும், பிறகும் வாசிக்கலாம். ரின்பால் பேணியின் கதை அப்படியன்று. அது பாமன்கடையில் ஒருவருக்கும் தெரியாமல், கனடாவில் ஒரே ஒருவரிடம் அறுபது வருடத்துக்கு மேலாகப் பத்திரமாயிருந்தது.